அது ஊக்கு அல்ல, சூரியன்

எங்கள் துறையின் சிறப்பு மலருக்குக் கட்டுரை கேட்டு இரண்டு இளைய அதிகாரிகள் வீட்டுக்கு வந்தார்கள். தலைப்பையும் அவர்களே யோசித்துக்கொண்டு வந்திருந்தார்கள்: ‘சூரியப் புயலை முன்னறிந்த பெண்மணி’. முதல் வேலையாக அதை அடித்துவிட்டேன். நான் முன்னறிந்து சொன்ன புயல் வரவே இல்லை. வராத புயலுக்காக மெமோ வாங்கியவள் நான். அதைத்தான் எழுதுவேன், பிடித்தால் போடுங்கள் என்றேன். “வசதியே இல்லாம அந்தக் காலத்துல ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பீங்களே மேடம்” என்றார் ஒருவர். வசதிக் குறைவால் நான் ஒரு கஷ்டமும் படவில்லை. கருவிகள் என்னிடம் நியாயமாகத்தான் நடந்துகொண்டன.

நான் பாளையங்கோட்டையில் கணிதம் படித்தேன். ஆறு மாதப் பயிற்சி முடிந்ததும், ஐம்பதுகளின் கடைசியில், குத்துக்கல்வலசைக்கும் இலத்தூருக்கும் நடுவே பொட்டலில் இருந்த எங்கள் நிலையத்தில் கணிப்பாளர் வேலை கிடைத்தது. சூரியனில் கரும்புள்ளிகள் மலிந்திருந்த வருடங்கள் அவை. உலகமெங்கும் இத்தகைய நிலையங்கள் புதிதாகத் திறந்துகொண்டிருந்தார்கள். தென்காசிப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. திசைகாட்டி ஊசி எந்தப் பக்கமும் சாயாமல் தரைக்குக் கிடையாக நிற்கும் கோடு எங்கள் பக்கமாகப் போகிறது. சூரியன் செய்யும் சேட்டை அந்தக் கோட்டருகே பகலில் மற்ற இடங்களைவிடப் பெரிதாகத் தெரியும்.

சேட்டை இரண்டு வகை. சூரியனில் ஓர் இடம் திடீரென்று வெடித்துப் பளிச்சிடும். அந்த வெளிச்சம் எட்டு நிமிடத்தில் இங்கே வந்து மேல்காற்றைக் கலக்கும். காந்த ஊசி துள்ளும், சிற்றலை வானொலி ஊமையாகும், ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் சரியாகிவிடும். இது முதல் வகை. வெடித்த இடத்திலிருந்து கிளம்பும் துகள்கள் சில சமயம் ஓரிரு நாள் கழித்துப் பூமியை வந்து முட்டும். அப்போது ஊசி நாள்கணக்கில் தள்ளாடும், கப்பல்களுக்கும் கம்பியில்லாத் தந்திக்கும் பேச்சு அறுந்துபோகும். இதுதான் புயல். தினமும் மூன்று மணிக்குள், அடுத்து வரும் நாட்கள் அமைதியா கலக்கமா என்று தலைமையகத்துக்கு ஒரு தந்தி கொடுக்க வேண்டும். எங்கள் நிலையம் இருந்தது அந்த ஒரு தந்திக்காக.

காலையில் முதல் வேலை சூரியனைப் படம் பிடிப்பது. பிடிப்பது என்றால் பென்சிலால். சின்னத் தொலைநோக்கி வழியாக வரும் சூரிய பிம்பத்தை, ஒரு சாண் அகல வட்டம் போட்ட தாளில் விழவைத்து, கரும்புள்ளிகளை ஒவ்வொன்றாக வரைய வேண்டும். கை நடுங்கக் கூடாது, மூச்சுக்கூடப் பார்த்துத்தான் விட வேண்டும். வெயில் காலத்தில் இது கால்மணி வேலை. சாரல் தொடங்கிவிட்டால் தொலைநோக்கி மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, குடை பிடித்தபடி, குற்றாலத்து மேகம் எங்கேயாவது கிழிகிறதா என்று மணிக்கணக்கில் நிற்போம். ஊரே குளிக்க வரும் பருவத்தை மனதாரத் திட்டியவர்கள் எங்கள் நிலையத்தார் மட்டும்தான்.

இரண்டாவது வேலை காந்தப் பதிவு. அதற்கென்று தனியாக ஒரு பதிவறை. சுண்ணாம்பும் மரமும் செம்பு ஆணியும் கொண்டு கட்டியது. கதவுக் கீல்கூடப் பித்தளைதான். புளியறை வழியாக லாரியில் வந்த தேக்கில் ஒரு இரும்பாணி கிடந்தது என்று அந்தப் பலகையையே திருப்பி அனுப்பிய கதை உண்டு. உள்ளே இழையில் தொங்கும் காந்தங்கள், அவற்றில் ஒட்டிய கண்ணாடித் துண்டுகள். ஒளிப்புள்ளி கண்ணாடியில் பட்டுத் திரும்பி, டிரம்மில் சுற்றிய புகைப்படத் தாளில் விழும். டிரம் ஒரு நாளைக்கு ஒரு சுற்று. மறுநாள் காலை தாளைக் கழற்றி இருட்டறையில் கழுவினால் முந்தைய நாள் முழுவதும் கோடாக வந்துவிடும். அந்தக் கோட்டை மணிக்கு மணி கண்ணாடி ஸ்கேலால் அளந்து எண்ணாக்குவது என் வேலை.

பொறுப்பாளர் பரமேசுவரன் சார். செங்கோட்டைக்காரர், திருவனந்தபுரத்தில் படித்தவர். கால்சட்டையில் இரும்புக் கொக்கி இருக்கும் என்று வேட்டிதான் கட்டுவார். கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். ரொம்பக் கோபம் என்றால் நாம் குனிந்து காது கொடுக்க வேண்டும். தந்தி வாசகத்தை உதடு அசைய இரண்டு முறை படித்துவிட்டு “மதி” என்பார். போதும் என்பதற்கு அவர் வாயில் மலையாளம்தான் வரும். பதிவறைக்கு முப்பது அடி முன்னால் ஒரு கல்தூண், அதன் மேல் பித்தளைக் கிண்ணம். சாவி, கடிகாரம், கத்தி எல்லாவற்றையும் அதில் போட வேண்டும். அதன் பிறகு சார் ஒரு சின்னத் திசைகாட்டியை நம் இடுப்பு, சட்டைப் பை, செருப்பு என்று காட்டுவார். ஊசி அசைந்தால் வெளியே.

ஒருமுறை மேகம் மூடிய நாளில் ஓர் உதவியாளர், முந்தைய நாள் படத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாகப் புள்ளி வைத்துக் கொடுத்துவிட்டார். சார் அதைக் கிழிக்கவில்லை. அடியில் சிவப்பு மையில் ‘கற்பனை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கோப்பில் சேர்த்தார். பொய்யானாலும் பெயர் போட்டுப் பத்திரப்படுத்துவார். அவரிடம் கற்றதை வைத்துத்தான் பின்னால் அவரையே எதிர்த்தேன் என்பதைச் சொல்லாவிட்டால் நியாயமாகாது.

ஆனால் பதிவறைக்குள் பெண்கள் போகக் கூடாது. இதை எங்கும் எழுதிவைக்கவில்லை. காரணம் ஊக்கு. கல்யாணமான பெண்கள் தாலிச் சரட்டில் நாலைந்து ஊக்குகளைக் கோத்துப் போட்டுக்கொள்வது நம் வழக்கம்தானே. முந்தானை கிழிந்தால், பிள்ளையின் காலில் முள் குத்தினால், உடனே கைக்கு வரும். என் சரட்டிலும் ஐந்து கிடந்தன.

“சேலைக்குள்ள எங்கன எத்தன ஊக்கு இருக்குன்னு யாரும்மா சோதிக்கிறது? நல்லாவா இருக்கும்?” என்பார் சார். அதை அவர் மரியாதை என்றே நினைத்தார்.

“திசைகாட்டிய என்கிட்ட குடுங்க சார். நானே சோதிச்சிக்கிடுதேன்” என்றேன்.

அவர் சிரித்தார். பேச்சு முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

காலையிலும் உச்சியிலும் உள்ளே போய்வருவது ஐயாத்துரை அண்ணாச்சியின் வேலை. மூத்த பார்வையாளர், நல்ல மனிதர், வாயில் எப்போதும் வெற்றிலை. நான் சேர்ந்த புதிதில், பல நாட்கள் உச்சிப்பொழுதில் கோடு ஒரு படிக்கட்டு ஏறி இறங்குவதைப் பார்த்தேன். நேராக மேலே, பத்து நிமிடம் மட்டமாக, நேராகக் கீழே. சூரியனுக்கு அப்படி நேரம் பார்த்து வரும் பழக்கம் கிடையாது. ஒரு நாள் அண்ணாச்சி மடியிலிருந்து பாக்குவெட்டியை எடுத்தபோது எனக்கு விளங்கிவிட்டது. தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். “காலைல சார் சோதிக்கும்போது கிண்ணத்துல போட்டுருதேன் பிள்ள. மத்தியானம் அவரு சோதிக்கிறதில்ல, நானும் மறந்துருதேன்” என்றார் வெட்கத்தோடு. படிக்கட்டு அதோடு நின்றது. அந்த இடங்களில் ‘செயற்கை’ என்று குறித்தேன், யாருடைய இரும்பு என்று எழுதவில்லை. சாரும் கேட்கவில்லை.

இனி அந்த ஆடி மாதத்துக்கு வருகிறேன். சாரல் வலுத்து ஏழு நாளாகச் சூரியனைப் பார்க்கவில்லை. சாரலில் பதிவறைக்குள் ஈரம் ஏறிக் கண்ணாடி மங்கிவிடும். ஈரம் உறிஞ்சும் உப்பைத் தட்டில் வைத்து உச்சிப்பொழுதில் மாற்ற வேண்டும். அன்று காலை தாளை மாற்றியதோடு அண்ணாச்சி காய்ச்சலென்று வீட்டுக்குப் போய்விட்டார். சார் திருவனந்தபுரம் போயிருந்தார். உப்பை மாற்றாவிட்டால் அன்றைய பதிவு போய்விடும். ஐந்து ஊக்குகளையும் கழற்றிக் கிண்ணத்தில் போட்டேன், சடைப்பின்னை எடுத்துவிட்டு நூலால் கட்டினேன், திசைகாட்டியைத் தலையிலிருந்து கால்வரை எனக்கு நானே காட்டிக்கொண்டேன். ஊசி அசையவில்லை. பன்னிரண்டு மணிச் சங்கு ஊதி நாலு நிமிடம் கழித்து உள்ளே போனேன், பன்னிரண்டே காலுக்கு வெளியே வந்தேன். இரண்டு நேரத்தையும் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலை சார் திரும்பிவிட்டார். அவர் கழற்றிக் கொடுத்த தாளை நான் கழுவினேன். ஈரத்தாளை இருவரும் ஒன்றாகத்தான் பார்த்தோம். பன்னிரண்டு மணி ஆறு நிமிடத்தில் கோடு விருட்டென்று ஏறி, சில நிமிடத்தில் உச்சி தொட்டு, ஒரு மணி ஆகும்வரை மெல்லச் சரிந்து பழைய இடத்துக்கு வந்திருந்தது. பாடப் புத்தகத்தில் இருப்பதுபோல ஒரு கொக்கி. சூரிய வெடிப்பு என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

சார் பதிவேட்டைப் புரட்டினார். குரல் இறங்கியது.

“நீ உள்ள போனியா?”

“போனேன் சார்.”

“அப்ப இது ஊக்கு.”

“இரும்புன்னா படிக்கட்டு மாதிரி இருக்கும் சார். நான் வெளிய வந்த பொறவும் முக்கால் மணி நேரம் இது இறங்குது பாருங்க.”

“ஒண்ணு உள்ள விழுந்திருக்கும். தேடிக்கிட்டு மறுபடி போயிருப்ப. மெதுவா நடந்தா சரிவாத்தான் வரும்.”

“முக்கால் மணி நேரம் மெதுவா நடக்கிறதுக்கு அது என்ன, மெயின் அருவிக்கா சார் போனேன்? பத்தடி ரூம்பு.”

அவர் சிவப்புப் பேனாவை எடுத்துக் கொக்கியின் அடியில் ‘செயற்கை’ என்று எழுதினார்.

எனக்கு வந்த ஆத்திரத்தை இன்றைக்கும் மறைக்க விரும்பவில்லை. அந்த ஒரு சொல்லால் சூரியனையும் பொய்யாக்கினார், என்னையும் பொய்யாக்கினார். வெடிப்பு நடந்திருந்தால் வானொலி ஊமையாகியிருக்க வேண்டும். குடையை எடுத்துக்கொண்டு குத்துக்கல்வலசை முக்கில் பீட்டர் அண்ணாச்சியின் டீக்கடைக்கு நடந்தேன். அங்கே மதியம் சிற்றலையில் கடல் தாண்டி வரும் பாட்டுக்காகவே கூட்டம் கூடும்.

“அண்ணாச்சி, நேத்து மத்தியானம் ரேடியோ பாடிச்சா?”

“அத ஏன் கேக்க? சங்கு ஊதிச் செத்த நேரத்துல ஊமையாயிட்டு. வால்வு போயிட்டுன்னு நெனச்சி, பின்பக்கத்தக் கழத்தி ஒவ்வொண்ணா ஆட்டிப் பாக்கேன், ஒண்ணும் ஆவல. பாட்டுக் கேக்க வந்தவன் பூரா எந்திச்சிப் போயிட்டான். பொறவு ஒரு மணிக்கு அதுவாப் பாடுது. உங்க ஆபீஸ்ல எதும் மந்திரம் பண்ணுதியளா?”

திரும்பி வந்து சாரிடம் சொன்னேன். “டீக்கடை ரேடியோ கருவி இல்லம்மா” என்றார். தந்தியில் ‘அமைதி’ என்று எழுதி “மதி” என்றார். அந்தத் தந்தியைச் சங்கேத எண்ணாக மாற்றியதும் நான்தான். அதில் ஒரு எண்ணைக்கூட நான் மாற்றவில்லை. ஆனால் மாலையில் தென்காசித் தபால் ஆபீசுக்குப் போய், என் பெயரிலேயே தலைமையகத்துக்கு இன்னொரு தந்தி கொடுத்தேன்: நேற்று உச்சிப்பொழுதில் சூரிய வெடிப்பு, புயல் எதிர்பார்க்கவும். தலைமையகத்தோடு பேச பொறுப்பாளருக்கு மட்டுமே உரிமை. தெரிந்தேதான் செய்தேன்.

புயல் வரவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். ஒவ்வொரு காலையிலும் தாளைக் கழுவிப் பார்த்தேன். கோடு அவ்வளவு அமைதியாக அந்த வருடத்தில் வேறெப்போதும் ஓடியதில்லை என்று தோன்றியது. என் பேச்சை நம்பி யாரோ கம்பியில்லாத் தந்திக்காரர்கள் மூன்று நாள் கண்விழித்திருந்ததாகத் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது.

என் தப்பு எங்கே என்று அதன் பிறகுதான் பார்த்தேன். சாரலுக்கு முந்தைய கடைசிப் படத்தை எடுத்தேன். நானே வரைந்தது. சூரியனின் நட்டநடுவில் பெரிய புள்ளிக்கூட்டம் ஒன்று. சூரியன் தன்னைச் சுற்றிவர இருபத்தேழு நாள் ஆகும். நடுவிலிருந்து மேற்கு ஓரத்துக்குப் போக ஏழு நாள். வெடித்த அன்று அந்தக் கூட்டம் மேற்கு விளிம்பில் இருந்திருக்கும். விளிம்பில் வெடித்தால் வெளிச்சம் இங்கே வரும், துகள்கள் பெரும்பாலும் வேறு பக்கம் போய்விடும். விரல்விட்டு எண்ணக்கூடிய கணக்கு. சார் அந்தக் கொக்கியைச் சூரியன் என்று நம்பியிருந்தால், படத்தை எடுத்து என் முன்னால் போட்டு, “புயல் வராதும்மா, உக்காரு” என்று சொல்லியிருப்பார். அவர் ஊக்கைத் தேடிக்கொண்டிருந்தார், நான் ஊக்கு இல்லை என்று நிரூபித்துக்கொண்டிருந்தேன். சூரியன் எங்கே இருந்தது என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை.

மெமோவில் இரண்டு குற்றச்சாட்டுகள். இரும்போடு பதிவறையில் நுழைந்து பதிவைக் கெடுத்தது ஒன்று. அனுமதியின்றித் தந்தி கொடுத்தது இன்னொன்று. எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. ஒரு கையெழுத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

சார் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவர் கெட்டவர் இல்லை, என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார். “ஊக்குதான், தெரியாம நடந்துபோச்சின்னு எழுதிக் குடுத்துரு. தந்தி விஷயத்த, அனுபவமில்லாத பிள்ள பதறிட்டான்னு நான் முடிச்சிருதேன். வேலைக்கு ஒண்ணும் வராது.”

“தந்தி குடுத்தது தப்பு சார். புயல் வரும்னு சொன்னதும் தப்பு. ரெண்டையும் எழுதித் தாரேன். ஊக்குன்னு எழுத மாட்டேன். அது சூரியன்.”

“வேலை போயிரும்மா.”

“போட்டும் சார்.”

அப்போது கதவருகே நின்ற ஐயாத்துரை அண்ணாச்சி உள்ளே வந்தார். காய்ச்சலில் இளைத்திருந்தார். மடியிலிருந்து பாக்குவெட்டியை எடுத்து மேஜையில் வைத்தார். “சார், இரும்பு கொண்டுபோனவன் நான்தான். அன்னைக்கி இல்ல, அதுக்கு முந்தி. அந்தப் படிக்கட்டு பூரா என்னது. இந்தப் பிள்ளைக்குத் தெரியும், என்னைக் காட்டிக் குடுக்கல. இரும்பு எப்படி இருக்கும்னு அதப் பாருங்க, இதப் பாருங்க. ரெண்டும் ஒண்ணா?”

சார் பாக்குவெட்டியை அவர் பக்கமே தள்ளிவைத்தார். “இனிமே கொண்டு வராதேயும்” என்றார். அவ்வளவுதான். அண்ணாச்சிக்கு மெமோ இல்லை, விசாரணை இல்லை, வாய்வார்த்தையோடு சரி. பல மாதம் இரும்போடு உள்ளே போனவருக்கு வாய்வார்த்தை. இரும்பில்லாமல் ஒரே ஒரு நாள் போனவளுக்கு மெமோ. அண்ணாச்சியே தலையைக் குனிந்துகொண்டார்.

என் கணவர் இலத்தூர் பள்ளியில் வாத்தியார். “ஒரு கையெழுத்துப் போட்டா என்ன கொறஞ்சிருது?” என்று முதலில் கேட்டார். கொக்கியைத் தாளில் வரைந்து காட்டினேன். அவருக்குப் புரிந்ததோ என்னவோ, என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி விடு, எங்க ஸ்கூல்ல கணக்குக்கு ஆள் இல்ல” என்றார். மறுநாள் பதிலைக் கொடுத்தேன். தந்திக் குற்றத்தை ஒப்புக்கொண்டு நாலு வரி, ஊக்கை மறுத்து மூன்று பக்கம். பீட்டர் அண்ணாச்சியின் வானொலியையும் விடவில்லை.

மூன்று மாதம் ஓடியது. வேலை போகவும் இல்லை, உறுதியாகவும் இல்லை. தினமும் போய் அளந்தேன். பதிவறைப் பக்கம் போகவில்லை. மதியம் உப்புத் தட்டோடு அண்ணாச்சி போவதை ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். அவமானமாகத்தான் இருந்தது.

ஐப்பசியில் ஒரு காலை, வெளிநாட்டு நிலையங்கள் கண்ட வெடிப்புகளின் பட்டியல் தபாலில் வந்தது. சார் என்னைக் கூப்பிட்டார். போனபோது அந்த ஆடி மாதத் தாளை மேஜையில் விரித்துவைத்திருந்தார். பட்டியலில் ஒரு வரியின் மேல் விரல் இருந்தது. அந்த நாள், காலை ஆறு முப்பத்தைந்து, மேற்கு விளிம்பு, பெரிய வெடிப்பு. அது உலகப் பொது நேரம். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். அவர் ஏற்கெனவே பென்சிலால் கூட்டி எழுதியிருந்தார். மேகமில்லாத ஏதோ ஒரு தேசத்தில், எனக்கு ஒரு நிமிடம் முன்னால், யாரோ ஒருவர் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்.

சார் சிவப்புப் பேனாவால் ‘செயற்கை’ என்பதை அடித்து, பக்கத்தில் ‘சூரிய வெடிப்பு’ என்று எழுதி, தேதியோடு கையெழுத்துப் போட்டார். அடித்த சொல் படிக்கும்படியாகத்தான் அடித்தார்.

“நீ சொன்னது சரிம்மா” என்றார். “மெமோவ எடுத்துரச் சொல்லி எழுதுதேன். உன் பதிலையும் சேத்து எடுத்துருவோம். ஃபைல் சுத்தமாயிரும்.”

“வேண்டாம் சார். ரெண்டும் இருக்கட்டும். நடந்ததுதானே.”

“பின்னால பிரமோஷனுக்கு இடைஞ்சலா வரும்.”

“வரட்டும் சார்.”

வந்தது. அந்த மெமோவைக் காட்டி இரண்டு முறை எனக்குப் பதவி உயர்வைத் தள்ளிப்போட்டார்கள். சிறப்பு மலர் ஆசிரியர்கள் இதைத் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். இன்றைக்கும் அது என் கோப்பில் இருக்கிறது. அதை எடுக்கச் சொல்லி யாரிடமும் நான் போய் நின்றதில்லை.

சார் தாளைச் சுருட்டினார். “சரி, நாளைலருந்து நீயும் பதிவறைக்குள்ள போயிட்டு வா. நான் சொல்லுதேன்லா, போ. மதி.”

நான் போகவில்லை.

“எழுதித் தாங்க சார்” என்றேன். “சந்தேகப்பட்டத எழுத்துல குடுத்தீங்க. நம்புறத மட்டும் வாயால சொன்னா எப்படி?”

அவர் குரல் இறங்கும் என்று எதிர்பார்த்தேன். இறங்கவில்லை. இழுப்பறையைத் திறந்து வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்தார். தேதி போட்டார். “உக்காரும்மா” என்றார். நான் உட்காரவில்லை. அவர் எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டு என் கையில் கொடுக்கும்வரை அந்த மேஜை முன்னால் நின்றேன்.